முதல் பேரரசுகள் தங்கள் கடவுள்களை என்ன செய்தன?

கேள்வி இதுதான்: உலகின் முதல் பேரரசுகள் எப்படி எழுந்தன? மதம் அவற்றை உருவாக்கியதா, அல்லது மதங்களைப் பேரரசர்கள் உருவாக்கினார்களா?

மக்களை அடக்கி வைக்க அரசர்கள் கண்டுபிடித்த தந்திரம்தான் கடவுள் என்பார் ஒருவர். பக்தி இல்லாவிட்டால் நாகரிகமே இல்லை என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறார்கள். உலகம் முழுவதையும் சுற்றிவந்தால் பதில் மேலோட்டமாகிவிடும். அதனால் ஒரே ஒரு நிலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளுக்கு நடுவே உள்ள மெசபடோமியா, இன்றைய இராக். அங்கே இருந்தவர்கள் களிமண்ணில் எழுதினார்கள். ஊரே தீப்பற்றி எரிந்தாலும் களிமண் பலகை வெந்து இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். அதனால் 4,000 வருடத்துக்கு முந்தைய தகராறுகளைக்கூட வாதி, பிரதிவாதி பெயரோடு படிக்க முடிகிறது.

என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசும் கடவுளும் அங்கே ஒரே வீட்டில் பிறந்தவர்கள். பேரரசு வந்ததும் சில கடவுள்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஆனால் இன்றுவரை உயிரோடிருக்கும் ஒரு மதம், யூத மதம், அங்கே உருப்பெற்றது என்றால், அது தோற்றுப்போன ஒரு கூட்டத்தினரிடம். அந்தக் கதையை விரிவாகச் சொன்னால்தான் இந்தப் பதில் புரியும்.

தமிழில் 'இறை' என்ற சொல்லுக்குக் கடவுள், அரசன், வரி என்று மூன்று பொருளும் உண்டு. 'கோயில்' என்றால் கோவின் இல்; பழைய நூல்களில் அது அரண்மனையையும் குறிக்கும். இதே மாதிரி ஒரு சங்கதி மேற்கு ஆசியாவிலும் நடந்திருக்கிறது. தெற்கு மெசபடோமியாவின் பழைய மொழியான சுமேரியத்தில் 'ஏ' என்றால் வீடு; கோயிலுக்கும் அதே சொல், அது கடவுளின் வீடு. 'ஏ-கல்', அதாவது பெரிய வீடு, அரண்மனை. இந்தச் சொல் அக்காதிய மொழி வழியாக எபிரேயத்துக்குப் போய் 'ஹேகால்' ஆனது. எபிரேயத்தில் அதற்கு அரண்மனை, கோயில் இரண்டும் பொருள்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் தெற்கு இராக்கின் சதுப்பு நிலம். அரசாட்சி வானத்திலிருந்து முதலில் இறங்கிய இடம் எரிது என்கிறது சுமேரிய அரசர் பட்டியல். 1940-களில் அங்கே தோண்டியபோது ஒரு கோயிலின் அடியில் இன்னொரு கோயில், அதன் அடியில் மற்றொன்று என்று அடுக்கடுக்காக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கிடைத்தது ஒரு சின்ன அறை. மேல் அடுக்குகளில் காணிக்கை மேடைகளைச் சுற்றி மீன் எலும்புகள் குவிந்து கிடந்தன. எரிதுவின் தெய்வம் என்கி, நன்னீரின் தெய்வம். அவருக்கு மீன் படைத்திருக்கிறார்கள். அரசன், படை, வரி எதுவும் கண்ணில் படாத காலம் அது. ஆகவே 'அரசன்தான் கடவுளைக் கண்டுபிடித்தான்' என்ற வாதம் எரிதுவிலேயே இடிக்கிறது.

அப்புறம் உருக். கி.மு. 3200 வாக்கில் உலகின் முதல் பெருநகரம் என்று சொல்லத்தக்க ஊர். இனன்னா என்ற பெண் தெய்வத்தின் கோயில் வளாகத்தில் சுமார் 5,000 களிமண் பலகைகள் கிடைத்தன. மனிதன் எழுதியவற்றில் மிகப் பழையவை இவைதாம். உள்ளே தோத்திரமோ மந்திரமோ இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வாற்கோதுமை இத்தனை, பீர் இத்தனை, ஆடு இத்தனை, யாருக்கு எவ்வளவு படி அளந்தது என்று பெரும்பாலும் கணக்குதான். எழுத்து பிறந்தது கணக்குப்பிள்ளையின் கையில். கோயில் என்பது நிலம், மந்தை, நெசவுக்கூடம், களஞ்சியம் எல்லாம் வைத்திருந்த ஒரு பெரிய பண்ணை வீடு. அதன் முதலாளி கண்ணுக்குத் தெரியாதவர், அவ்வளவுதான்.

முதலாளிக்குச் சாப்பாடு போட வேண்டுமே. சிலையை எழுப்பி, உடுத்தி, வேளாவேளைக்குப் படையல் வைத்தார்கள். பிற்காலத்து உருக் ஏடு ஒன்று நாளுக்கு நாலு வேளை என்று கணக்குச் சொல்கிறது. மிச்சம் பிரசாதமாக அரசனுக்குப் போனது. நம் ஊர்க் கோயில் நடைமுறை தெரிந்தவர்களுக்கு இதைப் புரிய வைக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. ஐரோப்பிய அறிஞர்கள்தான் ஆரம்பத்தில் திணறினார்கள்.

ஒவ்வொரு நகரமும் ஒரு தெய்வத்தின் சொத்து என்றால், இரண்டு நகரங்களுக்கு இடையே வரப்புத் தகராறு வந்தால் என்ன ஆகும்? லகாஷுக்கும் உம்மாவுக்கும் அதுதான் நடந்தது. எல்லையில் இருந்த குஎதின் என்ற வயல்வெளிக்காக 100 வருடத்துக்கு மேல் சண்டை. லகாஷ்காரர்கள் அதை எங்கள் நிலம் என்று எழுதவில்லை, நிங்கிர்சுவின் நிலம் என்று எழுதினார்கள். நிங்கிர்சு அவர்கள் ஊர்த் தெய்வம். எல்லையை வகுத்ததே தேவர்களின் தலைவரான என்லில்தான் என்றும் எழுதினார்கள். இடையில் உம்மா அந்த நிலத்தைப் பயிர் செய்து, தர வேண்டிய வாற்கோதுமையைத் தராமல் விட, அது வட்டியோடு சேர்ந்து கட்டவே முடியாத கடனாகி, அதற்காகவும் ஒரு போர். லகாஷ் அரசன் ஏஅன்னாதும் வென்ற பிறகு வைத்த கல்லின் துண்டுகள் இன்று பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கி.மு. 2450-ஐ ஒட்டியது. ஒரு பக்கம் அரசன் படை நடத்துகிறான். பிணங்களைக் கழுகுகள் கொத்துகின்றன. மறுபக்கம் நிங்கிர்சு ஒரு பெரிய வலையைப் பிடித்திருக்கிறார். உள்ளே எதிரிகள் மீன் மாதிரி சிக்கிக் கிடக்கிறார்கள். வென்றது யார் என்று கேட்டால் இரண்டு பக்கத்தையும்தான் காட்ட வேண்டியிருக்கும்.

பின்னர் உம்மாவின் லூகல்சாகேசி வந்து லகாஷைச் சூறையாடினான். தோற்ற தரப்பில் ஒருவர் அதைப் பதிவு செய்திருக்கிறார். எந்தக் கோயில் எரிந்தது, எங்கே வெள்ளியும் நீலக்கல்லும் கொள்ளை போயின என்று ஒவ்வொன்றாக எழுதிவிட்டு, எங்கள் அரசன் உருகாகினா மேல் குற்றம் இல்லை, இந்தப் பாவத்தை லூகல்சாகேசியின் தெய்வம் நிசபா தன் கழுத்தில் சுமக்கட்டும் என்று முடிக்கிறார். தோல்வியைக் கடவுளிடம் எப்படிச் சொல்வது என்ற கேள்வி இங்கேயே எழுந்துவிட்டது.

லூகல்சாகேசி ரொம்ப நாள் நிலைக்கவில்லை. கி.மு. 2334 வாக்கில் ஆட்சிக்கு வந்த சார்கோன் அவனைப் பிடித்து, கழுத்தில் கட்டை பூட்டி, நிப்பூரில் என்லில் கோயில் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான். உலகின் முதல் பேரரசன் என்று பாடப் புத்தகங்கள் சொல்வது இவனைத்தான். கிஷ் நகர அரசனுக்கு மது ஊற்றிக் கொடுத்தவன் என்று சுமேரியக் கதை சொல்கிறது. பெற்ற தாய் நாணற் கூடையில் தார் பூசி ஆற்றில் விட, தண்ணீர் இறைக்கும் அக்கி எடுத்து வளர்த்தான் என்பது வேறொரு கதை. நமக்குக் கர்ணன் ஞாபகம் வரும், பைபிள் படித்தவர்களுக்கு மோசே. அந்தக் கதையின் பிரதிகள் சார்கோனுக்கு ஆயிரத்தைந்நூறு வருடம் கழித்து வந்த அசீரியர் காலத்தவை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அவன் பெயரின் மூல வடிவம் 'ஷர்ரு-கீன்'. பொருள், முறையான அரசன். முறைப்படி பட்டத்துக்கு வந்தவனுக்கு இப்படி ஒரு பெயர் தேவைப்பட்டிருக்காது!

சார்கோன் புதிதாகச் செய்தது என்ன? முன்னவர்கள் ஊர்களை வென்று கப்பம் வாங்கினார்கள். இவன் மதில்களை இடித்து, தன் ஆட்களை நிர்வாகிகளாக உட்கார வைத்தான். தினமும் 5,400 பேர் தன் முன்னால் அமர்ந்து சாப்பிட்டார்கள் என்று பெருமை அடித்திருக்கிறான். நிலையான படைக்கான முதல் ஆதாரம் என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. தில்முன் (இன்றைய பஹ்ரைன் பக்கம்), மகான் (ஓமன் பக்கம்), மெலுஹா நாட்டுக் கப்பல்கள் அக்காத் துறையில் நின்றன என்றும் சொல்கிறான். மெலுஹா என்பது சிந்துவெளி என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். மெலுஹா மொழிபெயர்ப்பாளன் என்று பெயர் பொறித்த அக்காதிய முத்திரை ஒன்றுகூடக் கிடைத்திருக்கிறது. அவன் தலைநகரான அக்காத் எங்கே இருந்தது என்பதுதான் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

அவனுக்கு ஒரு சிக்கல். அவன் பேசியது அக்காதியம். தெற்கே பேசியது சுமேரியம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தெய்வம், அதை நம்பி வாழும் ஒரு பூசாரிக் கூட்டம். இவர்களைப் படையை வைத்து மட்டும் எத்தனை நாள் பிடித்து வைக்க முடியும்? தன் மகளை அனுப்பினான். 'ஊர்' என்ற நகரத்தில் நிலாத் தெய்வமான நன்னாவின் தலைமைப் பூசாரியாக. (நகரத்தின் பெயரே ஊர்தான். இதைத் தமிழ் ஊரோடு முடிச்சுப் போட்டு எழுதுபவர்கள் ஏராளம். இரண்டு மொழிகளில் ஒரு சின்னச் சொல் ஒன்றுபோல ஒலிப்பதை வைத்து உறவு கொண்டாட முடியாது. அதை இங்கேயே விட்டுவிடுவோம்.)

அந்த மகள் என்ஹெடுவன்னா. 1927-இல் லியோனார்டு வூலி அகழ்ந்தபோது அவள் உருவமும் பெயரும் பொறித்த வெள்ளைக்கல் வட்டம் கிடைத்தது. ஆகவே கற்பனைப் பாத்திரம் அல்ல. சுமேர், அக்காத் முழுவதும் உள்ள கோயில்கள் மேல் பாடப்பட்ட 42 பாட்டுகளின் தொகுப்பு அவள் பெயரில் இருக்கிறது. எரிதுவில் தொடங்கி ஊர் ஊராகப் போகிறது. நம் மரபில் பாடல் பெற்ற தலங்கள் என்கிறோமே, அந்த மாதிரி. தனித்தனி ஊர்த் தெய்வங்களை ஒரே ஏட்டில் வரிசையாக உட்கார வைத்துவிட்டால், அவை ஒரே குடும்பம்; அவை ஒரே குடும்பம் என்றால், நாடும் ஒன்று. அப்பாவின் படை செய்ததை மகளின் பாட்டு இன்னொரு விதத்தில் செய்தது. முன்பு யாரும் செய்யாத ஒன்று செய்யப்பட்டிருக்கிறது என்று தொகுப்பின் முடிவில் ஒரு வரி. உலகில் பெயர் தெரிந்த முதல் ஆசிரியர் இவள்தான் என்கிறார்கள். கிடைத்த பிரதிகள் எல்லாம் பல நூற்றாண்டு பிந்தியவை என்பதால் எல்லாம் இவளே எழுதியதா என்று சண்டை உண்டு. இனன்னா மேல் உள்ள பாட்டில், ஊரில் கலகம் செய்த ஒருவன் தன்னைக் கோயிலிலிருந்து விரட்டினான், முள்காட்டில் திரிய விட்டான் என்று அவள் புலம்புவதைப் படித்தால் ஒரு ஆளின் குரல் கேட்கிற மாதிரிதான் எனக்கு இருக்கிறது.

சார்கோனின் பேரன் நாராம்-சின் இன்னும் ஒரு படி மேலே போனான். தானே கடவுள் ஆனான். எப்படி ஆனான் என்பதை எழுதியும் வைத்தான். வடக்கு இராக்கில் பஸெட்கி என்ற இடத்தில் கிடைத்த செப்புச் சிலையின் பீடத்தில் அது இருக்கிறது. நாலா திசையும் எதிர்த்து எழுந்தபோது ஒரே வருடத்தில் ஒன்பது போர்களில் வென்றானாம். அதற்காக நகர மக்கள் இனன்னா, என்லில், தாகான், என்கி, நன்னா என்று ஒவ்வொரு ஊரின் தெய்வத்திடமும் போய், இவரை எங்கள் அக்காத் நகரத்தின் கடவுளாக்க வேண்டும் என்று விண்ணப்பித்தார்களாம். பெரிய தெய்வங்களிடம் அனுமதி வாங்கிக் கோயில் கட்டினார்கள். பேரரசனே ஆனாலும் ஆவணம் முறையாக இருக்க வேண்டும் பாருங்கள். அந்தச் சிலையை 2003-இல் பாக்தாத் அருங்காட்சியகத்திலிருந்து திருடிப்போனார்கள். சில மாதம் கழித்து ஒரு கழிவுநீர்க் குழியிலிருந்து மீட்டார்கள்.

நாராம்-சின்னின் மகனுக்குப் பிறகு பேரரசு நொறுங்கியது. வறட்சி, உட்கலகம், மலைவாழ் குத்தியர்கள் எல்லாம் காரணமாகச் சொல்லப்படுகின்றன. 'யார் அரசன்? யார் அரசன் இல்லை?' என்று அரசர் பட்டியலே கையை விரிக்கிறது. ஆனால் பின்வந்த சுமேரியக் கவிஞர்கள் காரணத்தை வேறு இடத்தில் கண்டார்கள். நாராம்-சின் கோடரியோடு போய் நிப்பூரில் என்லிலின் கோயிலை இடித்தான், அதனால்தான் அக்காத் சபிக்கப்பட்டது என்று பாடினார்கள். அகழ்வாராய்ச்சி சொல்வது நேர்மாறு. அந்தக் கோயிலைப் புதுப்பித்துக் கட்ட ஆரம்பித்தவனே நாராம்-சின்தான். திருப்பணி செய்தவன் கோயில் இடித்தவன் ஆகிவிட்டான். ஏன்? பேரரசு விழுந்திருக்கிறது, என்லில் கோபப்படாமல் அது நடக்காது, கோபத்துக்கு ஒரு காரணம் வேண்டும். முடிவு முதலில், காரணம் பிறகு.

சில தலைமுறைகள் கழித்து ஊர் நகர அரசர்கள் மறுபடி ஒரு பேரரசு கட்டினார்கள். இன்றும் நிற்கும் அந்தப் பெரிய ஜிகுராத், அதாவது அடுக்கடுக்காக உயரும் கோயில் மேடை, அவர்கள் தொடங்கியது. கணக்கு எழுதுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு ஆடு செத்தால்கூடப் பலகை உண்டு. கி.மு. 2004-இல் கிழக்கே இன்றைய ஈரான் பக்கத்திலிருந்து ஏலாமியர்கள் வந்து அதையும் முடித்தார்கள். அந்த அழிவின் மேல் பாடிய ஒப்பாரிகளில், நன்னா தன் தகப்பன் என்லிலிடம் போய் என் ஊர் என்ன தப்பு செய்தது என்று கேட்கிறார். பதில்: ஊருக்கு அரசாட்சி கொடுக்கப்பட்டது, நிரந்தர ஆட்சி கொடுக்கப்படவில்லை. தப்பே இல்லை, முறை முடிந்தது, நீ வீட்டைக் காலி செய் என்கிறார். ஊர்த் தெய்வம் அழுதுகொண்டே ஊரை விட்டுப் போகிறது.

இப்போது பாபிலோன். ஆரம்பத்தில் அது முக்கியமில்லாத ஊர், அதன் தெய்வம் மார்துக்கும் அப்படியே. கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் ஹமுராபி அண்டை அரசுகளை எல்லாம் விழுங்கினான். அவனுடைய சட்டக்கல்லின் முன்னுரையைப் பாருங்கள். சட்டம் பிறகுதான் வருகிறது. மார்துக்குக்கு மக்கள் எல்லார் மீதும் என்லிலின் அதிகாரம் வழங்கப்பட்ட செய்திதான் முதலில். தெய்வத்தின் பதவி உயர்வு உத்தரவு என்று அதைச் சொல்லலாம். பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட படைப்புக் காவியமான எனூமா எலிஷில் மார்துக் கடல் அரக்கியைக் கொன்று உலகைப் படைக்கிறார். மற்ற தெய்வங்கள் அவருக்கு 50 பெயர்கள் சூட்டித் தங்கள் வேலைகளையும் அவரிடம் ஒப்படைக்கின்றன.

புத்தாண்டுத் திருவிழாவில் இந்தக் காவியத்தை மார்துக் முன்னால் முழுக்க வாசிப்பார்கள். அடுத்த நாள் பூசாரி அரசனின் செங்கோல், முடி எல்லாவற்றையும் கழற்றிக் கன்னத்தில் ஓர் அறை விடுவார். காதைப் பிடித்து இழுத்து மண்டியிடச் சொல்வார். பாபிலோனை அழிக்கவில்லை, குடிகளின் கன்னத்தில் அடிக்கவில்லை என்று அரசன் சொல்ல வேண்டும். மறுபடி ஓர் அறை. கண்ணீர் வந்தால் மார்துக் மகிழ்ந்தார் என்று பொருள், வராவிட்டால் கேடு. எத்தனை அரசர்கள் வலிக்காமலே அழுதார்களோ!

சிலையில் குடியிருக்கும் கடவுளைத் திருட முடியும். மார்துக் பலமுறை திருடப்பட்டார். இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட்டுகள், வடக்கு இராக்கின் அசீரியர்கள், பிறகு ஏலாமியர்கள். பக்தர்கள் இதை எப்படித் தாங்கிக்கொண்டார்கள் என்பதற்கு மார்துக்கே பேசுவதாக ஓர் ஏடு இருக்கிறது. நான்தான் கிளம்பிப் போனேன், ஹிட்டைட்டு நாட்டில் 24 வருடம் தங்கினேன், பாபிலோனியருக்கு அங்கே வணிகத் தடம் போட்டுக் கொடுத்தேன் என்கிறார். கைதாகிப் போனதை வெளியூர்ப் பயணமாக்கிவிட்டார்கள். சிரிப்பாக இருந்தாலும் இது சாதாரண விஷயம் அல்ல. தன் கடவுள் தோற்றார் என்று ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்கான முதல் வழி இது. கி.மு. 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் முதலாம் நெபுகாத்நேசர் ஏலாமை வென்று சிலையை மீட்டுவந்தான்.

அசீரியர்கள் கதை இன்னும் நேரடியானது. நகரத்தின் பெயர் அசூர், கடவுளின் பெயர் அசூர், நாட்டின் பெயரும் அதுவே. ஒவ்வொரு படையெடுப்பும் அசூரின் உத்தரவு. அசீரிய அரசன் சனகெரிப் கி.மு. 689-இல் பாபிலோனை அழித்தபோது, அவன் ஆட்கள் படைப்புக் காவியத்தில் மார்துக் பெயர் இருந்த இடத்தில் அசூர் பெயரைப் போட்டு எழுதிக்கொண்டார்கள். பட்டாவில் பெயர் மாற்றுகிற மாதிரி.

இந்தப் பெரிய யந்திரத்தின் ஓரத்தில்தான் யூதேயா என்ற மலைநாடு, யூதர்களின் நாடு, இருந்தது. வடக்கே இருந்த இஸ்ரவேல் கி.மு. 722-இல் அசீரியரிடம் விழுந்துவிட்டது. கி.மு. 701-இல் சனகெரிப் யூதேயாவுக்கும் வந்தான். எசேக்கியா அரசனை எருசலேமில் கூண்டுப் பறவை மாதிரி அடைத்தேன் என்று எழுதினான். 30 தாலந்து (அக்காலத்து எடை அளவு) பொன் கப்பம் வாங்கினான். தங்கத்தின் அளவில் பைபிளும் அசீரிய ஏடும் ஒத்துப்போகின்றன. எசேக்கியாவின் மகன் மனாசே அசீரியாவுக்கு அடங்கி நடந்தவன்.

எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படும் இடம் இதுதான். கி.மு. 672-இல் சனகெரிப்பின் மகன் எசர்ஹத்தோன் தனக்குப் பின் அசுர்பனிபால் பட்டத்துக்கு வர வேண்டும் என்று சிற்றரசர்கள் எல்லாரிடமும் சத்தியம் வாங்கினான். 600 வரிக்கு மேல் நீளும் அந்த ஒப்பந்தத்தின் பிரதிகள் கிடைத்திருக்கின்றன. துருக்கியில் டெல் தாயினாத் என்ற இடத்தில் 2009-இல் கிடைத்த பிரதி ஒரு கோயிலுக்குள்ளேயே இருந்தது. பட்டத்து இளவரசனை உங்களையே நேசிப்பதுபோல நேசியுங்கள் என்கிறது அது. உன் சகோதரனோ மகனோ, குறி சொல்பவனோ, துரோகம் பேசினால் மறைக்காதே என்கிறது. மீறினால் பூமி இரும்பாகும், வானம் வெண்கலமாகும், மழை பெய்யாது என்று சபிக்கிறது.

பைபிளின் உபாகமத்தைத் திறங்கள். உன் தேவனை முழு இருதயத்தோடும் நேசி. தீர்க்கதரிசியோ, சகோதரனோ, மகனோ, மனைவியோ வேறு தேவர்களிடம் போவோம் என்றால் தப்பவிடாதே. மீறினால் தலைக்கு மேல் வானம் வெண்கலம், காலுக்குக் கீழே பூமி இரும்பு. அசீரியப் பேரரசன் தனக்குக் கேட்ட முழு விசுவாசத்தை, அந்தப் பேரரசுக்குக் கப்பம் கட்டிய ஒரு சின்ன நாட்டின் எழுத்தர்கள் எடுத்துத் தங்கள் கடவுளுக்குக் கொடுத்தார்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எந்த அளவுக்கு நேரடியாக எடுத்தார்கள் என்பதில் வாதம் இருக்கிறது. ஆனாலும் அந்த மொழி பேரரசின் மொழி. ஒரே எசமான், வேறு யாரும் கூடாது என்ற கட்டளை முதலில் அரண்மனையில் கேட்டது.

சரி, அசீரியா கி.மு. 612-இல் நினிவேயோடு எரிந்தது. பாபிலோன் மீண்டும் எழுந்தது. இரண்டாம் நெபுகாத்நேசர் கி.மு. 597-இல் யூதேயாவின் இளம் அரசன் யோயாக்கீனைப் பிடித்துக்கொண்டு போனான், கி.மு. 586-இல் எருசலேமையும் அதன் ஆலயத்தையும் எரித்தான். பாபிலோனில் கிடைத்த எண்ணெய்ப் படிக் கணக்கில் யூதேயா அரசன் யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து மகன்களுக்கும் அளந்தது இருக்கிறது. உருக்கில் தொடங்கிய அதே படிக் கணக்கு.

கொண்டுபோன மக்களில் பலரை நிப்பூர்ப் பக்கத்துக் கால்வாய் ஓரங்களில் குடியேற்றினார்கள். அல்-யாஹுது, அதாவது யூதா ஊர், என்றே ஒரு கிராமம் இருந்தது. அங்கே எழுதிய பலகைகளில் மிகப் பழையது கி.மு. 572-ஐச் சேர்ந்தது. குத்தகை, பேரீச்சம்பழம், வாற்கோதுமைக் கடன் என்று வழக்கமான பிழைப்பு. 'பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுதோம்' என்ற பைபிள் பாட்டையும் இந்தப் பலகைகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அழுதார்கள், உழவும் செய்தார்கள்.

பழைய கணக்குப்படி இவர்கள் கடவுளின் கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். நாடு போனது, அரசன் கைதி, கோயில் சாம்பல். மார்துக்குக்காவது மீட்டுவரச் சிலை இருந்தது; இவர்களுக்கு அதுவும் இல்லை. கடவுள் கோபித்துத் தன் நாட்டைத் தண்டித்தார் என்ற விளக்கம் புதிது அல்ல. பக்கத்து மோவாப் அரசன் மேசா 250 வருடத்துக்கு முன்பே தன் தெய்வம் கேமோஷைப் பற்றி அப்படிக் கல்லில் வெட்டியிருக்கிறான். புதிது எது என்றால், அடுத்து வந்தவை. பாபிலோனியக் கால்வாய்க் கரையில், கேபார் நதியண்டை, நாடு கடத்தப்பட்ட தீர்க்கதரிசி எசேக்கியேல் ஒரு காட்சி காண்கிறார். கடவுளின் சிம்மாசனம், அதன் கீழே சக்கரத்துக்குள் சக்கரம். எந்தத் திசைக்கும் திரும்பாமலே ஓடும் சக்கரங்கள். சிம்மாசனத்துக்குச் சக்கரம் எதற்கு? ஊர் தெய்வம் அழுதுகொண்டு வெளியேறியது போல இல்லை இது. சிறைப்பட்டவர்கள் இருக்கும் இடத்துக்கே கடவுள் வந்துவிட்டார்.

ஒரு தலைமுறை கழித்து ஏசாயா நூலின் பிற்பகுதியை எழுதியவர் திருவிழா ஊர்வலத்தையே கேலி செய்கிறார். பேலும் நேபோவும் குனிகிறார்கள், மாடுகள் மேல் பாரமாக ஏற்றப்படுகிறார்கள், களைத்த மிருகங்களுக்குச் சுமை. பேல் என்பது மார்துக்கின் பட்டப் பெயர், நேபோ அவர் மகன். உங்கள் தேவர்களை நீங்கள் சுமக்கிறீர்கள், எங்களையோ எங்கள் தேவன் நரைக்கும் வரை சுமக்கிறார் என்பது வாதம். என்னைத் தவிர வேறு தேவனே இல்லை என்ற வாக்கியம் தெளிவாக, சந்தேகத்துக்கு இடமின்றி, இந்தப் பகுதியில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மார்துக்கின் தெருவில் நின்றுகொண்டு சொன்ன வாக்கியம் அது.

கி.மு. 539-இல் பாரசீகத்தின் சைரஸ் பாபிலோனுக்குள் நுழைந்தான். தமிழ் பைபிளில் கோரேஸ் என்று வருபவன். மார்துக் ஒரு நேர்மையான அரசனைத் தேடி, கையைப் பிடித்து, பெயர் சொல்லி அழைத்தார் என்று அவனுடைய களிமண் உருளை சொல்கிறது. கோரேஸின் வலது கையைப் பிடித்து, பெயர் சொல்லி அழைத்தேன் என்று ஏசாயா நூலில் யூதர்களின் கடவுள் சொல்கிறார். ஒரே ஆள், ஒரே வாசகம், இரண்டு கடவுள்கள் உரிமை கோருகிறார்கள். அந்த உருளையை உலகின் முதல் மனித உரிமைச் சாசனம் என்று பரப்புவதை நம்பாதீர்கள். பாபிலோனிய அரசர்கள் காலம் காலமாக எழுதிய திருப்பணிக் கல்வெட்டு வகைதான் அது. எருசலேம் என்ற பெயரே அதில் கிடையாது. பாரசீகர்கள் ஊர்த் தெய்வங்களை அந்தந்த ஊரில் விட்டுவைத்தது மெச்சத்தக்க நிர்வாகம். பின்வந்த பாரசீகப் பேரரசன் தாரியுஸ் பெஹிஸ்துன் மலையில் தன் தெய்வம் அஹுரமஸ்தாவின் பெயரைத் திரும்பத் திரும்ப வெட்டியவன். அவன் அரசு நிதியிலிருந்தே ஏலாமியத் தெய்வங்களுக்கும் படி அளந்திருக்கிறார்கள். எருசலேம் ஆலயம் கி.மு. 515-இல் மறுபடி எழுந்தது.

சைரஸிடம் தோற்ற நபோனிதஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனமில்லை. பாபிலோனின் கடைசி அரசன், பழம்பொருள் பித்தன். சிப்பார் கோயிலைத் தோண்டி நாராம்-சின்னின் அடித்தளத்தைக் கண்டுபிடித்து, 3,200 வருடமாக யாரும் பார்க்காதது என்று எழுதினான். உண்மையில் சுமார் 1,700 வருடம்தான். உடைந்த சார்கோன் சிலையைப் பழுது பார்த்தான். மறைந்துபோன வழக்கத்தைத் தூசி தட்டி, தன் மகளை ஊர் நகரத்தில் நிலாத் தெய்வத்தின் தலைமைப் பூசாரி ஆக்கினான். என்ஹெடுவன்னாவின் அதே பதவி. பேரரசு எப்படித் தொடங்கியதோ அந்தச் சடங்கை அப்படியே செய்து பார்த்தான். மார்துக்கின் பூசாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. அவன் அரபுப் பாலைவனத்தில் தேமாவில் பத்து வருடம் போய் உட்கார்ந்துகொண்டதால் புத்தாண்டுத் திருவிழா நின்றுபோனதும் பிடிக்கவில்லை. சைரஸ் வந்தபோது நகரம் பெரிதாக எதிர்க்கவில்லை.

மார்துக்கை யாரும் கொல்லவில்லை. படையலைத் தாங்கிய நிலங்களும் அரசர்களும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப்போக, அவர் மெல்ல மெலிந்தார். கோயிலைச் சுற்றி வானநூல் கணக்குப் போட்டவர்கள் கி.பி. முதல் நூற்றாண்டு வரை ஆப்பெழுத்தில், அதாவது களிமண்ணில் அழுத்திப் பதிக்கும் அந்தப் பழைய எழுத்தில், எழுதிக்கொண்டிருந்தார்கள். நாள் தெரிந்த கடைசிப் பலகைகள் கி.பி. 75-ஐ ஒட்டியவை. அதே நிலத்தில் யூதர்கள் தங்கி, சில நூற்றாண்டுகள் கழித்துப் தங்கள் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தால்முதைத் தொகுத்தார்கள்.

அவர்கள் பாபிலோனிலிருந்து எடுத்துக்கொண்டவற்றில் மாதப் பெயர்களும் அடக்கம். உருக்கின் இனன்னாவுக்குத் துமுசி என்று ஓர் இடையன் காதலன் உண்டு. கோடையில் அவன் செத்துப்போவான், பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். எருசலேம் ஆலய வாசலிலேயே பெண்கள் அந்தத் தம்மூசுக்காக அழுததைப் பார்த்து எசேக்கியேல் கொதித்திருக்கிறார். யூத நாட்காட்டியின் நான்காம் மாதத்துக்கு இன்றும் தம்மூஸ் என்றுதான் பெயர். இராக்கில் ஜூலை மாதமும் தம்மூஸ்தான்.